அரை டம்ளர் அரிசி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அரை டம்ளர் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். இரண்டு விசில். இறக்கி ஆறவிட்டு, முதல் நாள் பருப்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தபோது பாத்திரத்தில் இன்னும் ஒரு கை சோறு மிச்சமிருந்தது. அரை டம்ளருக்குக் கீழே குறைக்கவும் முடியாது, அடிப்பிடித்துவிடும். அந்த ஒரு கை சோற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை ஒன்றும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொன்பது வயது ஆளுக்கு அரை டம்ளர் அரிசியைச் சாப்பிட்டு முடிக்கத் துப்பில்லையே என்ற எரிச்சல். கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேஸ்புக்கில் மேலே ஒரு கட்டம் இருக்கிறதே, உங்கள் மனதில் என்ன என்று கேட்கிற கட்டம், அன்று முழுக்க என்னை அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை. "எனக்காக மட்டும் அரை டம்ளர் அரிசி வைத்தேன். அதுவும் மிஞ்சிவிட்டது" என்று எழுதிப் போட்டுவிட்டு மூடி வைத்தேன்.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் கணக்கில் அறுபத்தொரு நண்பர்கள் இருந்தார்கள். ஆகஸ்டில் நான் கடைசியாக எழுதியதற்கு ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. அதுவும் கைதவறி நானே போட்டுக்கொண்டது.

மறுநாள் காலை அல்வாலிலிருந்து செகந்திராபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனைப் பார்த்தேன். என் பக்கத்தில் அந்த வரியே இல்லை. சரி, ஏறவில்லை போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் வேலையாக 'பொன்னரசி வெட் கிரைண்டர்' பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் லைக்குகளோடு. ஆபீஸ் இருக்கும் பேகம்பேட் போய்ச் சேரும்வரை எனக்கு எந்த ஸ்டாப்பும் கண்ணில் படவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொழிலென்று பார்த்தால் நான் டிசைனர். தொண்ணூற்றொன்பதில் ஆரணியிலிருந்து வந்து அமீர்பேட்டில் மல்டிமீடியா கோர்ஸ் படித்தவன். முதலில் எழுத்தெல்லாம் சுழன்று சுழன்று வரவேண்டும் என்றார்கள், சுழலவிட்டேன். அப்புறம் பட்டன்கள் கண்ணாடி மாதிரி மினுங்கி, கீழே நிழல் விழவேண்டும் என்றார்கள், நிழல் போட்டேன். இப்போது இந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், மினுக்கலும் வேண்டாம் நிழலும் வேண்டாம், தட்டையாக இருந்தால்தான் நாகரிகம் என்கிறார்கள். பத்து வருடமாகப் போட்ட நிழல்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறேன். இதற்கு நடுவில்தான் எங்கள் ஆபீஸ் கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி ஒன்றின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தித்தர ஒப்புக்கொண்டது. ஆபீஸில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மேலாளரான ஸ்ரீகாந்துக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சென்னையில் இங்கிலீஷ் பள்ளியில் படித்த பையன், வயது இருபத்தெட்டு.

"பிராண்டுன்னா ஒரு ஆள் மாதிரி பேசணும் பாஸ், அதான் இப்ப ட்ரெண்ட்" என்றான் ஸ்ரீகாந்த். "கம்பெனி பேசினா எவன் கேப்பான்? ஒரு அக்கா பேசினா கேப்பாங்க."

ஆகவே நான் பொன்னரசி அக்கா ஆனேன். வட்டமுகம், பெரிய பொட்டு, பின்னால் இழுத்துச் செருகிய முந்தானை என்று படமும் நானே வரைந்தேன். சட்னிக்கு எவ்வளவு உப்பு, உளுந்து எத்தனை மணி நேரம் ஊறவேண்டும் என்றெல்லாம் அக்கா சொல்லுவாள். யார் கேள்வி கேட்டாலும் பத்து நிமிடத்துக்குள் பதில் போகவேண்டும், இல்லை என்ற சொல் வரக்கூடாது, கடைசி வரியில் பொன்னரசி பேர் வரவேண்டும். இவை ஸ்ரீகாந்த் வகுத்த விதிகள். திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன இடம் உண்டு. அங்கே தட்டினால் நான் பொன்னரசி, மறுபடி தட்டினால் பக்தவத்சலம். செவ்வாய்க்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸிலிருந்து கிளம்பும்போது நான் மறுபடி தட்டவில்லை. எங்கள் ஆரணிப் பக்கம் கூத்து முடிந்து வேஷம் கலைக்காமல் வீட்டுக்குப் போனவன் மாதிரி, பொன்னரசியாகவே பஸ் ஏறி, பொன்னரசியாகவே சோறு பொங்கிச் சாப்பிட்டு, பொன்னரசியாகவே எழுதிவிட்டேன்.

வேலை போய்விடும் என்றுதான் ஆபீஸுக்குள் நுழைந்தேன். ஸ்ரீகாந்த் எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"டெலீட் கிலீட் பண்ணிடாதீங்க பாஸ்! மூவாயிரத்தத் தொடப்போகுது."

"அது தப்பா போயிடுச்சு ஸ்ரீகாந்த். நான் என்னோடதுல போடறதா நெனச்சு..."

"உங்களோடதுல போட்டிருந்தா யார் பாத்திருப்பா?" என்றான். கேலியில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டான்.

கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் கம்பெனி முதலாளி சாம்பசிவம் போனில் வந்தார். "ஏனுங்க, எங்கூட்டு அம்மணி படிச்சுப்போட்டு கண்ணுல தண்ணி விட்டுட்டாங்க. ஒரு லிட்டர் கிரைண்டரு குடோன் நெறையக் கெடக்குதுங்க, வாங்கறதுக்கு ஆளில்ல. ஒத்தையாளுக்குன்னே இதுன்னு சொல்லிப்போடலாமுங்களே" என்றார். ஸ்ரீகாந்த் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "தினம் ஒண்ணு பாஸ். இதே ஃபீல். ரொம்ப அழவிடாதீங்க, லேசா."

அப்படியாக என் தனிமைக்கு ஒரு வேலை கிடைத்தது. இட்லித் தட்டில் நான்கு குழி, மூன்றுக்கு எண்ணெய் தடவுவதில்லை என்று எழுதினேன். ஒற்றைத் தட்டைக் கழுவும்போது சத்தமே வருவதில்லை என்று எழுதினேன். மஸ்கட்டிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பெண்கள் பதில் போட்டார்கள். கணவன் கப்பலில் இருப்பவள், ஹாஸ்டல் வார்டன், மகள் கல்யாணமாகிப் போன வீட்டில் இன்னும் மூன்று பேருக்கே சமைக்கிறவள். "எங்களுக்கு நீங்க இருக்கீங்க அக்கா" என்று எழுதினார்கள். நாற்பது பதில், அறுபது பதில். சாப்பிட உட்கார்ந்தால் சோறு ருசிக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு இதில் ஒரு வரி தேறுமா என்று பார்க்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொன்னரசி மேல் பொறாமையாக இருந்தது. அரிசி வைத்தது நான், மிஞ்சிப்போனது எனக்கு, சாப்பிட்டாயா என்று ஊரே கேட்பது அவளை.

மூன்றாவது வாரம் அக்காவின் உள்பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லோரும் அக்கா என்றால் இவர் மட்டும் 'டியர் சிஸ்டர்' என்று ஆரம்பித்திருந்தார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். "சர்ச்ல பாட்டு புக் படிக்கிறதால தமிழ் படிக்க வரும், எழுத வராது, மன்னிச்சுக்குங்க" என்று முதல் வரி. பெயர் பேபி மோசஸ். படத்தில் ஒரு பச்சை கேட், அதன் மேல் காகிதப்பூக்கொடி, பின்னால் வீட்டின் மாடி. மாடிக் கொடியில் ஒரு நீலத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது என்னுடையது.

பேபி ஆன்ட்டி என் வீட்டுக்காரம்மா. செகந்திராபாதில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் மோசஸ் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் தவறிவிட்டார். ஒரே மகள் கரோலின் மெல்போர்னில். அந்த வீட்டு மாடியறையில் நான் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். "மோட்டார் ஆஃப் பண்ணீங்களா?" "பண்ணிட்டேன் ஆன்ட்டி." அவ்வளவுதான். பேச்சிலருக்கு வீடு விடும்போதே, "எனக்கு சத்தம் நக்கோ, ஆளுங்க வர்றது போறது நக்கோ" என்று, வேண்டாம் என்பதை இந்த ஊர்ப் பேச்சில் சொல்லித்தான் சாவி கொடுத்தார். நான் அந்த நிபந்தனையை அளவுக்கு மீறிக் காப்பாற்றிவிட்டேன். மோசஸ் அங்கிள் போன அன்றுகூட ஓரமாக நின்று தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆனால் பொன்னரசியிடம் ஆன்ட்டி பேசினார். தினமும் ஒரு மணிக்கு, "சாப்ட்டாச்சா சிஸ்டர்?" என்று வரும். ஆபீஸில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். "ஆச்சு சிஸ்டர், தயிர்சாதம், மாவடு. நீங்க?" அந்தப் பதிலில் நான் பொய் சொன்னதில்லை, டப்பாவில் உள்ளதைத்தான் எழுதினேன். அவருக்கு எழுதும்போது மட்டும் கடைசி வரியில் பொன்னரசி பேரைச் சேர்க்கமாட்டேன். வீட்டில் ஆள் குரல் கேட்க வேண்டுமே என்று டிவியை ஓடவிடுவதாக எழுதினார். நாலு மணிக்கு இன்னமும் கணவருக்கும் சேர்த்து இரண்டு கப் டீ போட்டு, ஒன்றைத் தொட்டியில் கொட்டுவதாக எழுதினார். ஒரு நாள் என்னைப் பற்றியே எழுதினார்.

"மேல ஒரு ஆளு இருக்கார் சிஸ்டர். நல்ல மனுசர்தான். பல்லி சத்தம் கூட கேக்கும், அவர் சத்தம் கேக்காது. சாயந்தரம் குக்கர் ரெண்டு விசில் அடிக்கும். எண்ணிக்குவேன். ரெண்டு வந்தா சரி, அவர் நல்லா இருக்கார், நாமளும் சாப்டலாம்னு அப்புறம்தான் தட்டு எடுப்பேன்."

அதைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். என் குக்கரின் விசிலை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆன்ட்டி கேட்டருகில் நின்றிருந்தார். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "தண்ணி இன்னிக்கு நல்லா வருதுங்க ஆன்ட்டி" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஹவ்" என்றார், ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். நான் மாடியேறிவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எப்படிச் சொல்வது? தொட்டியில் கொட்டும் டீயை அவர் ஒரு பெண்ணிடம், ஒரு சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் மாடியில் நீலத்துண்டு காயப்போடுகிற ஆம்பிளை என்று தெரிந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நான் எங்கே வைத்துக்கொள்வேன்? இதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட நியாயங்கள். உள்ளதைச் சொன்னால், ஒரு மணிக்கு வரும் அந்த ஒரு கேள்வியை இழக்க எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கடிதம் வந்தது. "சிஸ்டர், கரோலின் வீட்ட வித்துட்டு வந்துடுன்னு சொல்றா. திங்கக்கிழம பில்டர் பேப்பரோட வர்றார், கையெழுத்து போடணும். எனக்கு போக மனசு நக்கோங்குது. ஆனா இங்க எனக்குன்னு யாரு இருக்கா சொல்லுங்க? உங்களத் தவிர யார்கிட்டயும் கேக்கல. நீங்க சொல்றபடி செய்றேன்."

நான் ஒரு பதில் அடித்தேன். போகாதீங்க சிஸ்டர், உங்க வீடு, உங்க சர்ச், எல்லாம் இங்கேதானே. அடித்துவிட்டுப் பார்த்தால் அது குடியிருப்பவன் எழுதிய பதிலாக இருந்தது. வீடு போனால் எனக்கு அறை போகும், ஒரு மணிக்கு வரும் கேள்வி போகும். அழித்தேன். போயிட்டு வாங்க சிஸ்டர், மகள் கூட இருப்பதைவிட என்ன வேண்டும் என்று இன்னொன்று அடித்தேன். அது யாரும் யாருக்கும் எழுதுகிற பதில். அதையும் அழித்தேன். இரண்டில் எதை அனுப்பினாலும் அவர் செய்துவிடுவார். இல்லாத ஒருத்தி சொல்லி, இருக்கிற ஒரு வீட்டை விற்றுவிடுவார், அல்லது வைத்துக்கொண்டு தனியாக டீ கொட்டுவார். இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஸ்ரீகாந்த் தன் திரையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"பாஸ், இன்பாக்ஸ்ல ஒண்ணு பெண்டிங் காட்டுது. என்ன எழுதியிருக்காங்க?"

படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

"சூப்பர் பாஸ். இவங்கள வச்சு ஒரு போஸ்ட் பண்ணலாம். மெல்போர்ன் போனாலும் பொன்னரசி கூட வரும்னு போடுங்க. ஒரு லிட்டர் கிரைண்டர் பெட்டியிலயே அடங்கும்ல?"

"நான் பாத்துக்கறேன் ஸ்ரீகாந்த்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆன்ட்டி சர்ச்சிலிருந்து வந்தார். கேட் சத்தம், பூட்டு சத்தம், டிவி சத்தம் மூன்றும் வரிசையாகக் கேட்டன. நான் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். பதினோரு படிகள். ஒன்பது வருடத்தில் எண்ணிப்பார்த்தது அன்றுதான். கதவைத் தட்டினேன். வெள்ளைப் புடவையோடு ஆன்ட்டி கதவைத் திறந்தார். ஒரு கையில் கரோலின் அனுப்பிய டேப்லெட், இன்னொரு கை தாழ்ப்பாளை விடவில்லை.

"என்ன வத்சலம்? மோட்டார் ஓடலியா?"

"ஓடுதுங்க ஆன்ட்டி."

"பின்ன கைக்கு வந்தீங்க?" ஏன் என்பது அவர் வாயில் கைக்கு என்றுதான் வரும்.

எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். வீட்டை விற்க வேண்டாம் என்றில்லை, விற்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று. பொன்னரசியைப் படம் வரைந்தது நான் என்று. அங்கிள் போன அன்று பேசாமல் போனதற்கு மன்னிப்பு. உள்ளே சமையலறை தெரிந்தது. அடுப்பின் மேல் ஒன்றுமில்லை, மேடை காய்ந்து கிடந்தது.

"சாப்டாச்சுங்களா ஆன்ட்டி?" என்றேன்.

அவர் கண்கள் ஒரு தடவை இமைத்தன. டேப்லெட்டைப் புடவைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஹவ், ஆச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க?"

"எனக்கும் ஆச்சுங்க ஆன்ட்டி."

இருவரும் தலையாட்டிக்கொண்டோம். கதவு சாத்திக்கொண்டது. அட மடையா என்று என்னை நானே திட்டிக்கொண்டு படியேறினேன். மேல்படியில் கால் வைத்தபோது பையில் இருந்த போன் அதிர்ந்தது. அக்காவுக்குக் கடிதம்.

"சிஸ்டர், இன்னும் நீங்க பதில் போடல, பரவால்ல. இன்னிக்கு ஒரு விசயம் நடந்துச்சு. மேல் வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டி சாப்டாச்சான்னு கேட்டார். ஒம்பது வருசத்துல முதல் தடவ. நான் ஆச்சுன்னு சொல்லிட்டேன். அடுப்பே பத்த வைக்கல. கைக்கு அப்படி சொன்னேன்னு தெரியல. அவரும் ஆச்சுன்னார். ஆனா மேல விசிலே கேக்கல சிஸ்டர். அவரும் பொய்தான் சொல்லிட்டுப் போறார்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதில் எழுதும் கட்டம் காலியாகத் திறந்திருந்தது, அக்காவின் வட்டமுகம் அதற்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் என்பது விதி. கீழே டிவி நின்றது. ஆன்ட்டி பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. என்ன எழுதினாலும் அதை எழுதியது பொன்னரசியாகத்தான் இருக்கும். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்தேன். அரை டம்ளர் போட்டேன். அதற்கு மேல் ஒரு டம்ளர் முழுதாகப் போட்டேன். களைந்து, தண்ணீர் விட்டு, குக்கரை மூடி அடுப்பில் ஏற்றினேன். அறைக் கதவைத் திறந்து, காற்றில் சாத்திவிடாதபடி செருப்பை முட்டுக்கொடுத்து வைத்தேன். சுவரோரம் நின்றுகொண்டேன்.

முதல் விசில் வந்தது. வழக்கமான சத்தம்தான். இரண்டாவது வர நேரமாயிற்று, அரிசி கூடுதல் அல்லவா. அதுவும் வந்தது. என் கை பழக்கத்தில் அடுப்புத் திருகுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். கீழே எந்தச் சத்தமும் இல்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போனார்கள். குக்கரின் மேல் வெயிட் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது விசில் வந்தது. கீழே நாற்காலி நகர்ந்தது.